டம்ளரின் அடியில் படிந்த வெள்ளை

கேள்வி: சாயல்குடிப் பக்கம் கடற்கரையோரச் சிற்றூர் எங்களுடையது. அப்பா பனை ஏறுகிறார், அம்மா பதநீர் காய்ச்சுகிறார். மூன்று ஆண்டுகளாக நான் கருப்பட்டியைக் கொரியரில் வெளியூர்களுக்கு அனுப்பி விற்கிறேன். கூடவே குண்டு மிளகாய் வத்தலும் கொஞ்சம். சென்ற மாதம் சென்னை வாடிக்கையாளர் ஒருவர் பத்துக் கிலோ கருப்பட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். தண்ணீரில் கரைத்தாராம், அடியில் வெள்ளையாகப் படிந்ததாம், அதில் எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்ததாம். "சாக்கட்டி கலந்த கலப்படம்" என்று எழுதியிருந்தார். ஆனால் எங்கள் சந்தையில் சீனிப் பாகில் செய்து பாதி விலைக்கு விற்கும் கட்டியைக் கரைத்தால் தெளிவாக இருக்கிறது! எங்களுடையது நல்லது என்று எப்படி நிரூபிப்பது? ஒன்றை மறைக்க விரும்பவில்லை. மழை பெய்த ஒரு வாரம் பாகு இறுகவில்லை என்று, பதினைந்து கிலோ கட்டி இறங்கிய ஒரு காய்ச்சலில் அம்மா இரண்டு கிலோ சீனி போட்டார். திரும்பி வந்த சரக்கை உருக்கி மறுபடி வார்த்துவிடலாம் என்கிறார் அம்மா. இன்னொன்று: ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி இருக்கிறது என்று அவர் பொறுக்கி எறிகிறார். அது உண்மையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: அந்தப் பத்துக் கிலோவை உருக்க வேண்டாம், ஒரு கட்டியைக்கூட உடைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் அது நட்டமான சரக்கு. எனக்கு அது சாட்சி. அதை என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்த வாடிக்கையாளர் மேல் எனக்கு வருத்தமில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று கவலைப்பட்டவர் அவர். ஒரு டம்ளர் தண்ணீரும் அரை மூடி எலுமிச்சையும் இருந்தால் எந்தக் கலப்படத்தையும் கண்டுபிடித்துவிடலாம் என்று ஊரெல்லாம் பரப்பிவைத்திருக்கிறார்களே, அதன் மேல்தான் கோபம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி வீட்டுச் சோதனைகள் நல்லவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் திருடனை வழியனுப்பி வைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று அப்பாவுக்குத் தெரியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுகிறார். தடவாமல் விட்டால் ஈஸ்ட் இரவோடு இரவாக இனிப்பைத் தின்றுவிடும். விடியும்போது இறக்குவது கள்ளாக இருக்கும். சுண்ணாம்பின் காரம் அதைத் தடுக்கிறது. அந்தச் சுண்ணாம்பில் ஒரு பகுதி பதநீரோடு வரும். தெளியவைத்து இறுத்தாலும், துணியில் வடித்தாலும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அது கால்சியம் கார்பனேட்டாகவும் வேறு கால்சிய உப்புகளாகவும் மாறிக் கட்டியில் நிற்கிறது. கால்சியம் கார்பனேட்டில் எலுமிச்சைச் சாறு பட்டால் நுரைக்கும். சாக்கட்டியும் அதே பொருள்தான். ஆகவே அவர் பார்த்த நுரை உண்மை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு.

வெல்லத்துக்கு நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் ஒரு தரம் வகுத்திருக்கின்றன. கரும்பு, பனை, ஈச்சை, தென்னை எதிலிருந்து எடுத்தாலும் தலைப்பு ஒன்றுதான். தண்ணீரில் கரையாத பொருள் 2 சதவீதம் வரை இருக்கலாம் என்பது அந்தத் தரம். 20 கிராம் கட்டியை ஒரு டம்ளரில் கரைத்தால் 0.4 கிராம் வண்டல் படிந்தாலும் சட்டப்படி குற்றமில்லை. டம்ளரின் அடியை வெள்ளையாக மூட அது தாராளமாகப் போதும்.

படிந்தது சுண்ணாம்பா மணலா என்று நாங்கள் பிரிக்கும் விதத்தைச் சொல்கிறேன். தூளாக்கிய கருப்பட்டியில் சில கிராம் எடுத்துச் சிறு பீங்கான் மூசையில் (கடும் சூடு தாங்கும் கிண்ணத்தில்) வைத்து முதலில் தீயில் கருக்குவோம். சர்க்கரை கறுத்துப் பொங்கி மூசையை மீறி எழப் பார்க்கும். அந்த நேரத்தில் கண்ணை எடுக்கக் கூடாது. பிறகு 550 டிகிரி உலையில் வைத்தால் கரியெல்லாம் எரிந்து, அடியில் ஒரு சிட்டிகை வெளிறிய சாம்பல் மிஞ்சும். அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டதும் சீறிக்கொண்டு கரையும். கரைந்தது சுண்ணாம்பும் பனையின் உப்புகளும். கரையாமல் வடிதாளில் தங்குவது மணல். கடற்காற்று எழுந்த நாளில் காய்ச்சிய கருப்பட்டி என்றால், வடிதாளில் நாலைந்து மணல் துகள் வெயிலில் மின்னும். மொத்தச் சாம்பல் 6 சதவீதத்தையும், அமிலத்தில் கரையாத சாம்பல் 0.5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது விதி. செலவு அதிகமில்லாத சோதனை இது. உங்கள் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதிலேயே கிடைத்துவிடும்.

சீனி விஷயம் இதைவிடக் கடினமானது.

சந்தைக் கட்டி தெளிவாகக் கரைந்தது என்று வியந்திருக்கிறீர்கள். ஆலையில் சுத்திகரித்த சீனியில் சுண்ணாம்பு ஏது, மணல் ஏது? டம்ளர் சோதனையில் அதுதான் முதல் மதிப்பெண் வாங்கும். அதைவிட எனக்குக் கவலை தருவது, அதையே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி "தரம் பாருங்கள்" என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் அங்கும் அது தேறிவிடலாம் என்பதுதான். மொத்தச் சர்க்கரை 90 சதவீதத்துக்கும், சுக்ரோஸ் 60 சதவீதத்துக்கும் குறையக் கூடாது என்கிறது விதி. சீனி என்பதே ஏறத்தாழ முழுச் சுக்ரோஸ். கலக்கக் கலக்க அந்த எண் ஏறத்தானே செய்யும்! பனையில் ஊறிய சுக்ரோஸும் கரும்பில் ஊறிய சுக்ரோஸும் ஒரே மூலக்கூறு. ஆய்வுக்கூடம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். "சுக்ரோஸ் எவ்வளவு?" என்று கேட்டால் எவ்வளவு என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். "இது எந்தச் செடியின் சர்க்கரை?" என்று நாம் கேட்க வேண்டும்.

அதற்குப் பதில் கார்பனில் இருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவில் கார்பன் அணுக்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 99 பங்கு கார்பன் 12 என்ற வகை. மீதி ஒரு பங்கு சற்றுக் கனமான கார்பன் 13. பனை, தென்னை, நெல் ஆகியவை கரியமில வாயுவைப் பிடிக்கும்போது கனமான வகையைக் கணிசமாக ஒதுக்கிவிடும். கரும்பும் மக்காச்சோளமும் பிடிக்கும் முறை வேறு. அவை அந்த அளவுக்கு ஒதுக்குவதில்லை. 1960களில் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இரண்டு அறிவியலாளர்கள் இந்த இரண்டாவது முறையை விளக்கியது கரும்பு இலையை வைத்துத்தான். கரும்புச் சர்க்கரையை எந்தப் பாகில் ஊற்றினாலும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும், எந்தச் சிரட்டையில் வார்த்தாலும் தன் செடியின் கார்பன் கணக்கை அது விடாது. நிறமேற்றலாம், மணமேற்றலாம், இந்தக் கணக்கைத் திருத்த முடியாது.

மாதிரியில் கடுகளவு எடுத்து எரித்து, வரும் வாயுவில் இரண்டு கார்பன்களின் விகிதத்தை நிறை நிறமாலைமானி என்ற கருவியில் அளக்கிறார்கள். ஆயிரத்தில் பங்காகச் சொல்லப்படும் ஓர் உலகப் பொது அளவுகோலில், பனை இனத் தாவரங்கள் மைனஸ் 26ஐ ஒட்டியும் கரும்பு மைனஸ் 12ஐ ஒட்டியும் நிற்கும். கருப்பட்டி என்று விற்ற கட்டியில் மைனஸ் 19 வந்தால், அது நடுப்புள்ளி. பாதிக்குப் பாதி சீனி. இவ்வளவு நேரான கணக்கு எங்கள் தொழிலில் அபூர்வம்.

தேனில் கரும்புப் பாகு கலப்பதைப் பிடிக்க இதே சோதனை பல நாடுகளில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அங்கே 7 சதவீதத்துக்குக் கீழே வரும் கணக்கை வைத்து ஒருவரைக் குற்றம் சொல்வதில்லை. மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் இயற்கையாகவே எண் சற்று ஏறி இறங்கும். ஏமாற்றுகிறவர்களும் படிக்கிறார்கள். தேனில் அரிசிப் பாகு கலக்கத் தொடங்கினார்கள். நெல் பனையின் கட்சி, கார்பன் சோதனைக்கு அது தெரியாது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனை ஜெர்மனிக்கு அனுப்பி அணுக்கரு காந்த ஒத்ததிர்வுச் சோதனை (மூலக்கூறுகளின் அமைப்பையே பார்க்கும் சோதனை) செய்தபோது மூன்றுதான் தேறின. கருப்பட்டியில் கலப்பது மூட்டையில் வாங்கும் சீனி என்பதால் உங்களுக்குக் கார்பன் சோதனை போதும்.

இந்தக் கருவி மாவட்டத்துக்கு ஒன்று என்று கிடையாது. பெரிய ஆய்வுக்கூடங்கள் சிலவற்றில்தான் இருக்கிறது, கட்டணமும் அதிகம். அதனால் முதல் படியாகச் சாம்பலையும் பொட்டாசியத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பதநீரில் பனை வேர் உறிஞ்சிய உப்புகள் இருக்கின்றன. சீனியில் அநேகமாக எதுவும் இல்லை. பாதி சீனி என்றால் பொட்டாசியமும் பாதியாக இறங்கியிருக்கும். ஆனால் முழு அளவு எது என்று தெரிந்தால்தானே பாதி தெரியும்? அதற்கு உங்கள் ஊர்ப் பனையின் கணக்கு வேண்டும். பருவம் தொடங்கும்போது ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என்று, சீனி தொடாத காய்ச்சலிலிருந்து கட்டிகளை எடுத்துத் தேதி எழுதி வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். இதை நீங்கள் மட்டும் செய்ய வேண்டியதில்லை. நரிப்பையூர், கடலாடி என்று அந்தப் பக்கத்தில் காய்ச்சுகிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம் செலவில் முடியும். நான் இத்தனை ஆண்டு கண்டவரை, போலியைப் பிடிக்க முடியாமல் போன இடங்களில் பெரும்பாலும் கருவிக்குக் குறைவில்லை. உண்மையான பொருளின் மாதிரிதான் கையில் இல்லை.

விலையும் ஒரு சாட்சிதான். ஒரு கோடையில் உங்கள் பக்கத்தில் ஒரு காய்ச்சும் குடிசையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். பதநீர் பொங்கி விளிம்புக்கு வரும்போது அந்த அம்மா நசுக்கிய ஆமணக்கு விதையைக் கிள்ளிப் போடுவார். நுரை சட்டென்று அடங்கும். பாகு திரண்டதும் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலில் உருட்டிப் பார்த்து, அடுப்பிலிருந்து இறக்கினார். இத்தனைக்கும் பதநீரில் சர்க்கரை நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான். ஒரு கிலோ கட்டிக்கு எட்டு லிட்டராவது வற்ற வேண்டும். அதற்கு விறகு, ஏறி இறங்கும் உயிர், மறுபடி மாலையில் ஏறுதல். இவ்வளவையும் கணக்கிட்டால் பாதி விலைக்கு யாராலும் விற்க முடியாது. அந்த விலை மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது, ஆனால் எந்தக் கடையில் மாதிரி எடுக்கலாம் என்று காட்டிக்கொடுக்கும்.

இப்போது அம்மா போட்ட அந்த இரண்டு கிலோ. நீங்கள் அதை எழுதியதால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். பதினைந்தில் இரண்டு என்றால் 13 சதவீதம். கருவியில் எண் மைனஸ் 26லிருந்து மைனஸ் 24 பக்கம் நகர்ந்திருக்கும். உங்கள் ஊர்க் கணக்கு கையில் இருந்தால் அது தெரிந்துவிடும். பாகு இறுகாத வாரத்தில் அடுப்பின் முன்னால் நிற்கிறவருக்கு என்ன தவிப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சீனி சேர்த்ததைக் கருப்பட்டி என்று மட்டும் சொல்லி விற்கக் கூடாது. "சீனி சேர்த்தது" என்று எழுதி, விலையைக் குறைத்து, தனியே விற்றுவிடுங்கள். அல்லது இறுகாத பாகைப் பாகாகவே புட்டியில் அடைத்து விற்கலாம், வாங்குவோர் இருக்கிறார்கள். சென்னைக்குப் போன பத்துக் கிலோ அந்தக் காய்ச்சலா என்று முதலில் பாருங்கள். அதுவே என்றால், எதையும் சோதிக்குமுன் அவருக்கு எழுதி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரேஷன் அரிசியில் அம்மா பொறுக்குவது பிளாஸ்டிக் இல்லை. அது செறிவூட்டப்பட்ட அரிசி: அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் பிழிந்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலப்பது. அரசுத் திட்டங்களில் கொடுக்கும் அரிசியெல்லாம் இப்படி வரும் என்று 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். நிறம் சற்று மாறியிருக்கும், களையும்போது சில மிதக்கும், அதனால்தான் இந்தச் சந்தேகம். பொறுக்கிய அரிசியை வேகவைத்து நசுக்கி ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். கருநீலமாக மாறும், அது மாவுச்சத்தின் அடையாளம், பிளாஸ்டிக்கில் வராது. வீட்டில் செய்து நம்பக்கூடிய சோதனைகளில் இது ஒன்று. ரத்தசோகை இருக்கும் வீட்டில் அந்த அரிசியை எறிவது பெரிய இழப்பு. அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மிளகாயை வத்தலாகவே விற்றுவருவது நல்லது. உங்கள் குண்டு மிளகாய்க்கு, ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த உருண்டை வடிவமும் கெட்டித் தோலும் கண்ணுக்குத் தெரியும்வரை உங்கள் சரக்கைப் பார்த்தே அடையாளம் சொல்லலாம். பொடியாக்கினால் வடிவம் போய்விடும். பொடியிலும் டம்ளர் சோதனை கைவிடும் இடம் உண்டு. பொடியைச் சிவப்பாகக் காட்டக் கலக்கும் 'சூடான்' என்ற சாயம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. 2005இல் பிரிட்டனில் 400க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறவைத்தது மிளகாய்ப் பொடியில் இருந்த அந்தச் சாயம்தான். டம்ளர் தண்ணீரில் அது நிறம் பிரியாமல் அமைதியாக இருந்திருக்கும்.

சந்தைக் கடை பற்றி மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்கும் மாதிரி நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிடப்படும். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம், கடைக்காரர் கேட்டால் நான்காவது அங்கீகாரம் பெற்ற வேறு கூடத்துக்கு. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். புகாரில் "கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதாகச் சந்தேகம்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். வாங்குபவரும் தானே மாதிரி கொடுக்கலாம்; 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 40ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. சோதனைக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உங்கள் வாடிக்கையாளருக்கும் இதை எழுதுங்கள்.

ஒருமுறை ஒரு பெரியவர் அரைக் கிலோ கருப்பட்டியைச் செய்தித்தாளில் மடித்துப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்தார். கடற்கரை ஈரத்தில் கட்டி கசிந்து, அச்சு மை கட்டியில் எழுத்தெழுத்தாக ஒட்டியிருந்தது. எந்தக் கடையில், என்றைக்கு வாங்கியது என்பதற்குச் சீட்டும் இல்லை. அவர் சொன்னது உண்மை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் அந்தப் பொட்டலத்தை வைத்து ஒரு வரிகூட எழுதித்தர முடியவில்லை. அவர் திரும்பிப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் உங்கள் பத்துக் கிலோவை இப்படிச் செய்யுங்கள். ஓலைக் கொட்டானின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து சில கட்டிகளை எடுங்கள். காய்ந்த பலகையில் உடைத்துத் தூளாக்கி, குவித்து, குவியலின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நான்காகப் பிரியுங்கள். எதிரெதிரே உள்ள இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குங்கள். அரைக் கிலோ அளவுக்கு வரும்வரை இதையே மறுபடி செய்து, ஈரமில்லாத மூன்று கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, மூடிக்கு மெழுகு வையுங்கள். மூடியையும் புட்டியையும் சேர்த்து ஒட்டிய தாளில் காய்ச்சிய தேதி, பிரித்த தேதி, கையெழுத்து. ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு, ஒன்று சென்னை வாடிக்கையாளருக்கு, ஒன்று வீட்டில். கூடத்துக்கு எழுதும் தாளில் தண்ணீரில் கரையாத பொருள், மொத்தச் சாம்பல், அமிலத்தில் கரையாத சாம்பல், பொட்டாசியம் என்று கேளுங்கள். கட்டணம் தாங்குமானால் கார்பன் 13 விகிதத்தையும் சேருங்கள்.

அந்த மழை வாரத்துக் காய்ச்சலில் ஒரு கட்டி வீட்டில் மிச்சமிருந்தால் அதை எறிந்துவிட வேண்டாம். தனிப் புட்டியில், தேதியை மட்டும் எழுதி அதையும் கூடத்துக்கு அனுப்புங்கள். சீனி எவ்வளவு என்று உங்களுக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த மாதிரி அது. 13 சதவீதத்தை ஒட்டி அவர்கள் சொல்கிறார்களா என்று பாருங்கள்.